டிபி தடுப்பு மாத்திரை நடுவில் விட்டுப்போனால்?

கேள்வி: கணவருக்கு நுரையீரல் டிபி. எனக்கு நோய் இல்லை, கிருமி மட்டும் உறங்குகிறது என்று ஐசோனியாசிட் 300 மி.கி. ஆறு மாதத்துக்குத் தந்திருக்கிறார்கள். மூன்றாவது மாதம் இது. பொள்ளாச்சியில் மகள் வீட்டுக்குப் போன நாட்களில் மொத்தம் 9 மாத்திரை விட்டுப்போனது. ஒருநாள் ஈடுகட்ட இரண்டாகப் போட்டேன். நெட்டில் படித்தால் பயமாக இருக்கிறது. எனக்கும் டிபி வந்து மூன்று வயதுப் பேரனுக்கு ஒட்டிவிடுமா? முடி கொட்டுகிறது, விரல் நுனி மரத்துப்போகிறது. 'மூத்திரம் சிவந்தால் பயப்படாதே, எனக்கும் அப்படித்தான்' என்கிறார் கணவர்.
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: பேரனைத் தாராளமாகத் தூக்கிக் கொஞ்சுங்கள் அம்மா. உறங்கும் கிருமி உங்களிடமிருந்து யாருக்கும் ஒட்டாது. 9 மாத்திரை விட்டதாலேயே அது விழித்துக்கொள்ளப் போவதும் இல்லை. பேரனைப் பற்றி நான் கேட்பது வேறு. தாத்தாவோடு ஒரே வீட்டில் இருக்கும் பிள்ளை என்றால், அவனைப் பரிசோதித்தார்களா? ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு நோய் இல்லை என்று உறுதியானாலும் தடுப்பு மருந்து தர வேண்டும். இன்னும் பரிசோதிக்கவில்லை என்றால் இந்த வாரமே ஆஷா பணியாளரிடம் சொல்லுங்கள்.

மாத்திரைக் கணக்குக்கு வருவோம். நாள்காட்டியில் ஆறு மாதம் ஓடியதா என்பது முக்கியமில்லை, சுமார் 180 மாத்திரை உள்ளே போயிற்றா என்பதுதான் முக்கியம். விட்ட ஒன்பதையும் கடைசியில் சேர்த்துச் சாப்பிடுங்கள். முதலிலிருந்து தொடங்க வேண்டாம். ஒரே நாளில் இரண்டு மட்டும் இனி எப்போதும் வேண்டாம். தொடர்ந்து இரண்டு வாரம் விட்டுப்போனால், நீங்களாகத் தொடராமல் மருந்து தந்த இடத்தில் கேளுங்கள்.

காலண்டரில் டிக் போடுவதை நம்பாதீர்கள். டிக் போட்டுவிட்டு மாத்திரையை மறப்பவர்கள் நிறையப் பேர். அட்டையின் பின்பக்கம், ஒவ்வொரு மாத்திரைக்கும் நேராகப் பேனாவால் தேதி எழுதிவிடுங்கள். இன்றைய தேதி எழுதிய இடத்தில் மாத்திரை இன்னும் இருந்தால், இன்று சாப்பிடவில்லை என்று அர்த்தம். பொள்ளாச்சிக்குப் போகும் பையிலும் தேதி எழுதிய அட்டையே போகட்டும்.

இனி, உங்கள் கணவர் சொன்ன விஷயம். அதுதான் எனக்குக் கவலை. அவருடைய மூத்திரத்தைச் சிவக்க வைப்பது, அவர் சாப்பிடும் டிபி மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின். உங்கள் ஐசோனியாசிட்டில் அது இல்லை. ஐசோனியாசிட் மூத்திரத்தின் நிறத்தை மாற்றாது. எனவே உங்களுக்கு மூத்திரம் கட்டன்சாயா (பால் சேர்க்காத தேநீர்) போல ஆனால், அது மருந்தின் சாயம் அல்ல, கல்லீரல் தரும் எச்சரிக்கை. பல நேரம் அதற்கும் முன்பே சோறு பிடிக்காமல் போகும், குமட்டும், அடித்துப்போட்டதுபோல அசதி வரும். கண் மஞ்சளாகும் வரை காத்திருக்காதீர்கள். மாத்திரையை அப்போதே நிறுத்திவிட்டு, அன்றே அரசு மருத்துவமனையில் கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். மறுபடி தொடங்குவதை மருத்துவர் சொல்லட்டும். கீழாநெல்லி அரைத்துக் குடித்து மூன்று நாள் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்கவே கேட்காதீர்கள். தாமதித்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். உங்கள் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் கள் சாதாரணம்தான். ஆனாலும் மாத்திரை முடியும்வரை உங்களுக்கும் வேண்டாம், அவருக்கும் வேண்டாம்.

விரல் மரத்துப்போவது பி6 வைட்டமின் குறைவதால் இருக்கலாம். பைரிடாக்சின் (பி6) மாத்திரை தந்தார்களா என்று பாருங்கள், இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். மெடிக்கலில் 'நரம்புக்கு' என்று எதையாவது வாங்கிப் போடாதீர்கள். முடி கொட்டுவதற்காக மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை.