ஃப்ரிஸ்கோ அம்மாவுக்கு: பையனிடம் குறையில்லை, ஊரில்தான் கூட்டம் அதிகம்

"ராத்திரி ஒரு மணி வரைக்கும் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறான், ஒரு கோச்சிடமிருந்தும் மெசேஜ் வரவில்லை" என்று டெக்ஸஸ் மாநிலம் ஃப்ரிஸ்கோவிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகன் பதினொன்றாம் வகுப்பு. பள்ளியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் லைன்பேக்கர், அதாவது எதிரணியை மடக்கும் தடுப்பாட்டக்காரன். ஐந்தடி பத்து அங்குலம், 195 பவுண்டு, ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) நான்குக்கு 3.6. இவனைவிடச் சுமாராக ஆடும் உறவுக்காரப் பையன் ஒருவன் நெப்ராஸ்காவில் மாநிலப் பல்கலைக்கழக அணியிலேயே சேர்ந்துவிட்டான். நியூ ஜெர்சி பெரியப்பா வாரம் இரண்டு முறை போன் செய்து ஒரே பாட்டு: ஃபுட்பாலை மூட்டை கட்டு, கிழக்குக் கடற்கரையில் பேர் பெற்ற தனியார் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடு, ஆசை விடவில்லையென்றால் அங்கே உதவித்தொகை இல்லாமல் டீமில் ஒட்டிக்கொள். பையனுக்கோ கணக்கு வாத்தியாராகவும் ஃபுட்பால் கோச்சாகவும் ஆக ஆசை.

அம்மா, தூக்கம் கெடும் அளவுக்கு இது பெரிய விஷயம்தான். ஆனால் ஆறுதல் சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். நெப்ராஸ்கா பையனோடு உங்கள் மகனை ஒப்பிடுவதை இன்றே நிறுத்துங்கள். அந்த மாநிலத்தில் மொத்தம் ஏறக்குறைய 20 லட்சம் பேர். கல்லூரி ஃபுட்பாலின் உச்சப் பிரிவில் ஆடும் பல்கலைக்கழகம் ஒன்றே ஒன்று. உள்ளூரில் ஆள் குறைவு என்பதால் 1973 முதல் 1997 வரை அங்கே தலைமைக் கோச்சாக இருந்த டாம் ஆஸ்போர்ன் இரண்டு வேலை செய்தார். வேகமான ஆட்டக்காரர்களை வெளிமாநிலங்களிலிருந்து கொண்டுவந்தார். உள்ளூர்ப் பண்ணை வீட்டுப் பையன்களை உதவித்தொகை இல்லாமல் அணியில் சேர்த்து, இரண்டு மூன்று வருடம் உடம்பை ஏற்றி, ஆட வைத்தார். வாக்-ஆன் என்று சொல்வது இவர்களைத்தான். 1994, 1995, 1997 தேசிய சாம்பியன் பட்டங்களில் அந்தப் பையன்களுக்கும் பங்கு உண்டு. ஆள் குறைந்த மாநிலத்தில் பிறந்த ஆட்டக்காரனுக்கு அப்படி ஒரு மதிப்பு.

டெக்ஸஸ் கதை நேர்மாறு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள் ஃபுட்பால் ஆடுகின்றன. உங்கள் பக்கத்து ஊர் ஆலனில் ஒரு பள்ளி மைதானத்துக்கே 2012-இல் 6 கோடி டாலர் செலவழித்தார்கள். உச்சப் பிரிவில் 13 பல்கலைக்கழகங்கள் இருந்தும், ஓக்லஹோமா, லூசியானா கோச்சுகளும் இங்கேயே வந்து வலை வீசுகிறார்கள். 2018-இல் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கிய கைலர் மரே ஆலன் பையன்தான், வாங்கிக் கொடுத்தது ஓக்லஹோமாவுக்கு. இத்தனை பேர் குவிந்திருக்கும் இடத்தில் ஆறடி இரண்டு அங்குல லைன்பேக்கர் கண்ணெதிரே நிற்கும்போது, ஐந்தடி பத்தை எந்தக் கோச்சும் அவசரப்பட்டுத் தேட மாட்டார்.

போதாக்குறைக்கு விதிகளும் மாறிவிட்டன. வேறு கல்லூரியில் இரண்டு வருடம் ஆடிப் பழகிய 21 வயதுக்காரன் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் (கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்களின் பட்டியல்) கிடைக்கும்போது, 18 வயதுப் பையனை வளர்க்க உச்சப் பிரிவுக் கோச்சுகளுக்குப் பொறுமை இல்லை. கல்லூரி ஆட்டக்காரர்களுக்குப் பணம் கொடுப்பது பற்றி 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டுக்குப் பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளின் ஃபுட்பால் அணிக்கு 105 பேர் என்று வரம்பு வந்துவிட்டது. முதலில் அடி வாங்கியது வாக்-ஆன் இடங்கள்தான். பெரியப்பா சொல்லும் "ஒட்டிக்கொள்" திட்டம் அங்கேயே ஆட்டம் காண்கிறது.

பெரிய பெயர்களின் கோடை முகாம்கள், ஐவி லீக் ஆசை (அங்கே விளையாட்டு உதவித்தொகையே கிடையாது), ஆயிரக்கணக்கில் டாலர் கேட்கும் "ரெக்ரூட்டிங் சர்வீஸ்" இவற்றைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், நான் விட்டுவிடுகிறேன். யாரும் உங்களிடம் சொல்லாத ஓர் இடம் இருக்கிறது. டெக்ஸஸ் அரசுப் பல்கலைக்கழகங்களின் இரண்டாம் பிரிவு, அதாவது டிவிஷன் டூ. லோன் ஸ்டார் கான்ஃபரன்ஸ் என்ற கல்லூரிக் குழுவில் ஆடும் ஏஞ்சலோ ஸ்டேட், வெஸ்ட் டெக்ஸஸ் ஏ அண்ட் எம், மிட்வெஸ்டர்ன் ஸ்டேட், டெக்ஸஸ் ஏ அண்ட் எம் கிங்ஸ்வில், ஒடெஸாவில் யூடி பெர்மியன் பேசின், ஆல்பைனில் சுல் ராஸ். மிட்வெஸ்டர்ன் இருக்கும் விச்சிட்டா ஃபால்ஸ் உங்கள் வீட்டிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல்.

டிவிஷன் டூவில் ஃபுட்பாலுக்கு 36 முழு உதவித்தொகைக்கு ஈடான தொகைதான் உச்சவரம்பு. அணியில் நூறு பேர் இருப்பார்கள். அதனால் கோச் அதைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுப்பார்: ஒருவனுக்குப் பாதி, ஒருவனுக்குக் கால், ஒருவனுக்குப் புத்தகச் செலவு மட்டும். உள்ளூர்ப் பையனுக்கு மாநிலக் கட்டணம் ஏற்கெனவே குறைவு என்பதால், கோச் கையிலிருக்கும் அதே 5,000 டாலர் அவன் செலவில் பெரிய பங்கை அடைத்துவிடும். பட்ஜெட் இறுக்கமான அரசுக் கல்லூரி உள்ளூர்ப் பையன்களைத் தேடுவதற்கு இதுவே முதல் காரணம். உச்சப் பிரிவில் பாரமாக இருந்த டெக்ஸஸ் முகவரி இங்கே பலமாகிவிடுகிறது. மேலாக, 3.6 ஜிபிஏ இருப்பவனுக்குப் படிப்பு உதவித்தொகையும் சேரலாம். நல்ல மார்க் வாங்கும் ஆட்டக்காரனைக் கோச்சுக்குப் பிடிக்கும், அவர் பையிலிருந்து குறைவாகப் போகும் அல்லவா.

கணக்குக்காக வருடச் செலவு 25,000 என்று வையுங்கள். கோச் 5,000, படிப்புக்கு 4,000. மிச்சம் 16,000, நான்கு வருடத்துக்கு 64,000. பெரியப்பா சொல்லும் தனியார் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இன்று வருடத்துக்கு 90,000 டாலரை ஒட்டி ஆகிறது. நான்கு வருடம் 3,60,000. வீட்டின் மேல் கடன் வாங்கி, பையன் கேட்காத படிப்புக்கு அதைக் கட்டாதீர்கள். இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

அவன் விருப்பத்தையும் லேசாக எடுக்காதீர்கள். "வாத்தியார் வேலைக்கா அமெரிக்கா வந்தோம்?" என்று பெரியப்பா கேட்டாராம். டெக்ஸஸ் அரசுப் பள்ளிகளில் ஃபுட்பால் கோச்சாக இருக்க, பொதுவாக அந்தப் பள்ளி மாவட்டத்தின் முழுநேர ஊழியராக இருக்க வேண்டும். அதனால் கோச்சுகளில் பெரும்பாலோர் ஆசிரியர்களே. கணக்கு வாத்தியாருக்கு எப்போதும் தட்டுப்பாடு. கோச்சுகள் ஒருவரை ஒருவர் அறிந்த உலகம் அது. உள்ளூர்க் கல்லூரியில் நான்கு வருடம் ஆடியவனுக்கு, சான்றிதழ் கையில் வரும்போதே பத்துப் பள்ளிகளில் தெரிந்த முகம் இருக்கும். பெரிய பள்ளியின் தலைமைக் கோச் சம்பளம் ஒரு லட்சம் டாலரைத் தாண்டுவது இங்கே சாதாரணம்.

தரம் குறைந்த இடம் என்ற பேச்சும் வரும். கிங்ஸ்வில் பக்கத்து ராப்ஸ்டவுனில் வளர்ந்த ஜீன் அப்ஷா, யாரும் அழைக்காமல் கிங்ஸ்வில் கல்லூரி மைதானத்துக்குப் போய் நின்றவர். 1967-இல் முதல் சுற்றிலேயே தொழில்முறை அணி அவரை எடுத்தது, பிறகு ஹால் ஆஃப் ஃபேமிலும் இடம் பிடித்தார். உங்கள் மகன் அந்த உயரத்துக்குப் போவான் என்று சொல்லவில்லை. அந்த மைதானம் யாருக்கும் அவமானம் இல்லை என்கிறேன்.

இனி வேலை. ஆட்ட வீடியோக்களைப் போடும் ஹட்ல் தளத்தில் வீடியோ மூன்று நிமிடம், அதிகம் போனால் நான்கு. சிறந்த ஐந்து ஆட்டங்கள் முதல் அரை நிமிடத்தில் வந்துவிட வேண்டும், கோச் அதற்கு மேல் பார்ப்பார் என்று நம்பாதீர்கள். பந்து நகரும் முன் உங்கள் மகனைச் சுற்றி வட்டம் போடுங்கள். இல்லையென்றால் 11 பேரில் அவன் யார் என்று தேட வேண்டும், தேடமாட்டார்கள். பாட்டு, ஸ்லோ மோஷன் வேண்டாம். ஐந்தடி பத்து லைன்பேக்கரை எடுப்பது வேகத்துக்காகத்தான், அதை மெதுவாக ஓட்டி மறைக்கக்கூடாது. அனுப்பும் முன் வேறொரு போனில் லிங்க் திறக்கிறதா என்று பாருங்கள்.

மின்னஞ்சல் தலைமைக் கோச்சுக்குப் போனால் கிணற்றில் கல். லைன்பேக்கர் கோச்சுக்கும், டாலஸ் வட்டாரத்தைப் பார்த்துக்கொள்ளும் கோச்சுக்கும் அனுப்புங்கள். தலைப்பு வரியிலேயே பள்ளி முடிக்கும் ஆண்டு, அணியில் ஆடும் இடம், உயரம், எடை, ஜிபிஏ, பள்ளி எல்லாம் இருக்கட்டும். அவனே எழுதட்டும், நீங்கள் எழுதினால் தெரிந்துவிடும். பிறகு பள்ளிக் கோச்சிடம், "இந்த ஆறு இடத்துக்கும் ஒரு போன் போட முடியுமா?" என்று கேட்கச் சொல்லுங்கள். டெக்ஸஸில் பள்ளிக் கோச்சின் ஒரு போன், பத்து மின்னஞ்சலுக்குச் சமம். ஜூனில் இரண்டு கல்லூரி முகாம்கள் போதும். அந்த வளாகத்திலேயே நடப்பதாகப் பாருங்கள், பெரும்பாலும் கட்டணம் 100 டாலருக்குள் இருக்கும்.

கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்சிஏஏவின் தகுதி மையத்தில் பதிவு செய்துவிடுங்கள். 16 முக்கியப் பாடங்கள் வேண்டும். டிவிஷன் டூவுக்கு அவற்றில் ஜிபிஏ 2.2, டிவிஷன் ஒன்றுக்கு 2.3. டிவிஷன் ஒன்றுக் கதவையும் திறந்து வைக்க, பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் முன் பத்துப் பாடம் முடிந்திருக்க வேண்டும். கவுன்சிலரிடம் இந்த வாரமே சரிபாருங்கள்.

நீங்கள் எச்-1பி, பையன் எச்-4 என்றால் கூடுதலாக மூன்று. ஃபெடரல் கல்வி உதவி கிடைக்காது. டெக்ஸஸில் 12 மாதம் நிலையாக வசித்ததற்கு ஆதாரம் இருந்தால் மாநிலக் கட்டணத்துக்கு வழி உண்டு, ஆவணங்களை இப்போதே சேருங்கள். பெயர், படம் வைத்து விளம்பரப் பணம் யாராவது கொடுத்தால், குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் ஒரு டாலர்கூட வாங்கக்கூடாது.

வளாகத்துக்குப் போகும் நாளில் கோச்சிடம் அவன் கேட்கவேண்டிய கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். இந்தத் தொகை ஒரு வருடத்துக்கா, அதற்கு மேலா? அடுத்த வருடத் தொகை பற்றி ஜூலை 1-க்குள் எழுத்தில் வந்துவிடுமா? முழங்கால் போனால் பணம் தொடருமா? படிப்பு உதவித்தொகை வந்தால் உங்கள் தொகை குறையுமா? கணக்கு ஆசிரியர் பயிற்சிக்குப் பள்ளிக்குப் போகும் பருவத்தில் பிராக்டிஸுக்கு எப்படி விடுவீர்கள்? பெரியப்பாவையும் அந்தப் பயணத்தில் காரில் ஏற்றிக்கொள்ளுங்கள்.