மெஷினுக்கு டைம் மட்டும்தான் தெரியும்: ஸ்கேன் ரூம் கேள்வி பதில்

போன இதழ்ல "அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் படிக்கிற பசங்க பிசிக்ஸ்ல எங்க முட்டிக்கிட்டு நிக்கிறீங்களோ அதை எழுதி அனுப்புங்க"ன்னு ஒரு வரி போட்டிருந்தேன். வந்து குவிஞ்சிருச்சு. பாதிப் பேர் ஃபார்முலாவை மட்டும் எழுதி "விளக்கவும்"னு அனுப்பியிருக்கீங்க, பரீட்சை பேப்பர் மாதிரி. அதையெல்லாம் ஓரமா வச்சிட்டு, ரூம்ல புரோபைப் (உடம்பு மேல வச்சு நகத்தற அந்தக் கருவி) பிடிச்சவங்க கேட்ட மாதிரி இருந்ததை மட்டும் எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: எந்த புக்கைத் தொறந்தாலும் 1540 மீட்டர்னு ஒரு நம்பர். லிவர், கொழுப்பு, ரத்தம் எல்லாத்துலயும் சவுண்ட் ஒரே வேகத்துலயா போகுது? (முதல் வருஷ மாணவி, சேலம்)

பதில்: இல்லமா, போகல. கொழுப்புல செகண்டுக்கு 1450 மீட்டர் கிட்ட, தசையில 1580, ரத்தத்துல 1570, எலும்புல போனா 3500க்கு மேல, காத்துல வெறும் 330, 340. 1540ங்கறது சாஃப்ட் டிஷ்யூவுக்கெல்லாம் (எலும்பு இல்லாத மெத்துன சதைப் பகுதிங்க) சேர்த்து எடுத்த சராசரி. ஆனா மெஷினுக்கு அந்த ஒரு நம்பரைத்தான் சொல்லிக் குடுத்திருக்காங்க, அது கண்ணை மூடிக்கிட்டு அதையே நம்புது.

ஏன் நம்பணும்னா, மெஷினுக்கு ஆழம்னு ஒன்னு தெரியவே தெரியாது, அதுக்குத் தெரிஞ்சது டைம் மட்டும்தான். சின்ன வயசுல மின்னல் வெட்டினதும் ஒன்னு ரெண்டு மூனுன்னு எண்ணி, இடி எவ்வளவு தூரத்துல விழுந்துச்சுன்னு பாத்திருப்பீங்கல்ல, மெஷின் பண்றதும் அதே வேலைதான், ஒரு பல்ஸை (சின்னதா ஒரு சவுண்ட் துடிப்பை) உள்ள அனுப்பும், எக்கோ எப்ப திரும்பி வருதுன்னு பாக்கும், அந்த டைமை வச்சு புள்ளியை ஸ்கிரீன்ல எங்க வைக்கிறதுன்னு முடிவு பண்ணும். ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குப் போயிட்டு வர 13 மைக்ரோ செகண்ட். 26 ஆச்சுன்னா 2 செ.மீ., 130 ஆச்சுன்னா 10 செ.மீ. இந்த 13ஐ மனப்பாடம் பண்ணிக்கோங்க, கடைசிக் கேள்வியில திரும்ப வரும்.

இப்ப ஒரு பேஷண்டுக்கு வயித்துல 3 செ.மீ. கொழுப்புன்னு வைங்க. அதைத் தாண்ட சவுண்ட் கொஞ்சம் லேட்டாகும், மெஷினோ 1540னு கணக்குப் போட்டு, கொழுப்புக்குப் பின்னாடி இருக்கறதையெல்லாம் கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர் கீழ தள்ளிக் காட்டும். சாதாரண ஸ்கேன்ல யாரும் கண்டுக்க மாட்டாங்க. ஊசி வச்சு எடுக்கறப்ப மட்டும் மனசுல இருக்கட்டும்.

இன்னொன்னு, நிறைய பேர் "கனமா இருந்தா வேகமா போகும்"னு எழுதியிருக்கீங்க. தப்பு. பாதரசம் தண்ணியை விட 13 மடங்குக்கு மேல கனம், அதுல சவுண்ட் போற வேகம் என்னமோ கிட்டத்தட்ட தண்ணி வேகம்தான். வேகத்தைக் கூட்டறது விறைப்பு, கனம் அதை இழுத்துப் பிடிக்கத்தான் செய்யும். எலும்புல வேகமா போறது எலும்பு வெயிட்டா இருக்கறதால இல்ல, அமுங்க மாட்டேங்கறதால.

கேள்வி: எங்க பாட்டிக்கு ஸ்கேன் எடுக்கறப்ப "அந்தக் கொழகொழன்னு சில்லுனு தடவுறது எதுக்குடா"ன்னு கேட்டாங்க. சவுண்ட் நல்லா போகன்னு சொல்லிட்டேன். சரியா சார்? (மதுரை)

பதில்: பாட்டிக்கு அது போதும் தம்பி, உங்களுக்குப் போதாது. ஒரு பொருள்லருந்து இன்னொன்னுக்கு சவுண்ட் தாண்டறப்ப எவ்வளவு திரும்பும் எவ்வளவு உள்ள போகும்ங்கறதை முடிவு பண்றது இம்பீடன்ஸ், அதாவது அடர்த்தியையும் வேகத்தையும் பெருக்கி வர்றது. சாஃப்ட் டிஷ்யூவுக்கு அது 1.63, காத்துக்கு 0.0004, எலும்புக்கு 7.8 (மெகா ரேல் கணக்குல). டிஷ்யூக்கும் காத்துக்கும் நடுவுல எவ்வளவு வித்தியாசம் பாருங்க, அதனால அங்க 99.9 சதவீதம் அப்படியே திரும்பிடும். புரோபுக்கும் தோலுக்கும் நடுவுல பேப்பர் கனத்துக்குக் காத்து இருந்தாக்கூட ஸ்கிரீன்ல வரி வரியா கோடுதான், உள்ள ஒன்னும் இருக்காது. ஜெல் அந்தக் காத்தை வெளிய தள்ளுது, அவ்வளவுதான் அதோட வேலை.

கொழுப்பும் தசையும் சந்திக்கற இடத்துல திரும்பறது 1 சதவீதம் கிட்ட. கொஞ்சமா தோணும், ஆனா இந்த ஒரு சதவீதம்தான் நம்ம பொழப்பே, அது திரும்பி வந்து படமாகுது, மிச்ச 99 அடுத்த லேயரைப் பாக்க உள்ள போகுது. எலும்புல 40 சதவீதத்துக்கு மேல திரும்பிடும், உள்ள போன கொஞ்ச நஞ்சத்தையும் எலும்பே குடிச்சிடும். பாட்டியை ஒரு லிட்டர் தண்ணி குடிச்சிட்டு யூரினை அடக்கிக்கிட்டு உக்கார வச்சிருப்பாங்களே, அதுவும் இதே கதைதான், ரொம்பின பிளாடர் கேஸ் இருக்கற குடலை ஓரந்தள்ளிட்டு சவுண்டுக்கு ஒரு ஜன்னல் திறந்து விடுது. அவங்க பட்ட அவஸ்தைக்கும் ஒரு காரணம் இருக்குன்னு சொல்லுங்க.

கேள்வி: 12 மெகாஹெர்ட்ஸ் புரோப்ல தைராய்டு அவ்வளவு தெளிவா தெரியுது. அதையே வயித்துக்கும் போட்டா என்ன? சீனியர் சிரிக்கறாங்க, காரணம் சொல்ல மாட்டேங்கறாங்க. (கோவை)

பதில்: சிரிச்ச சீனியருக்கும் கணக்குப் போடத் தெரியுமான்னு எனக்கு டவுட்டுதான்.

பக்கத்துத் தெரு மண்டபத்துல டிஜே போட்டா நம்ம வீட்டுக்குள்ள என்ன கேக்குது? பாட்டும் கேக்காது, வரியும் புரியாது, "தம் தம்"னு பேஸ் மட்டும் ஜன்னலை ஆட்டும். கீச்சுன்னு இருக்கற ஹை ஃப்ரீக்வன்சி எல்லாம் வழியில சுவருங்க கிட்ட செத்துப் போச்சு. உடம்புக்குள்ளயும் அப்படித்தான், ஃப்ரீக்வன்சி கூடக்கூட சீக்கிரம் சாகும். தோராயக் கணக்கு என்னன்னா ஒரு செ.மீ.க்கு, ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு, அரை டெசிபெல் (சவுண்டோட பலம் எவ்வளவு குறைஞ்சுதுன்னு சொல்ற அளவு) போகும். அது போறதுக்கு மட்டும், திரும்பி வர இன்னொரு அரை.

இப்ப பேப்பர் எடுங்க. 15 செ.மீ. ஆழம், 3.5 மெகாஹெர்ட்ஸ். போயிட்டு வர 52.5 டெசிபெல் போச்சு. டெசிபெல்ல 3 குறைஞ்சா பாதி, 10 குறைஞ்சா பத்துல ஒரு பங்கு, அப்ப 52.5ன்னா ஒன்னே முக்கால் லட்சத்துல ஒரு பங்குதான் மிச்சம். அது போதும், மெஷின் அதைப் பெருக்கிக்கும். அதே 15 செ.மீ.க்கு 10 மெகாஹெர்ட்ஸ் போடுங்க, 150 டெசிபெல், ஒன்னுக்குப் பின்னாடி 15 சைபர் போட்டு அதுல ஒரு பங்கு, எந்த மெஷினும் அதைக் கேக்காது, கெயினை (மெஷின் எக்கோவைப் பெருக்கற அளவை) எவ்வளவு ஏத்தினாலும் வெறும் புள்ளிக் கூட்டம்தான் வரும். உங்க 12ஐ வச்சு நீங்களே போட்டுப் பாருங்க, இன்னும் மோசம்.

அப்புறம் ஏன் தைராய்டுல அவ்வளவு தெளிவுன்னா வேவ்லென்த் சின்னது. 3.5ல அலையோட நீளம் 0.44 மி.மீ., 10ல 0.15 மி.மீ. பல்ஸ் எவ்வளவு குட்டையோ, ஒன்னுக்குப் பின்னாடி ஒன்னு ஒட்டிக்கிட்டு இருக்கற ரெண்டு புள்ளியை அவ்வளவு நல்லா பிரிச்சுக் காட்டும், பல்ஸ் நீளத்துல பாதி இடைவெளி இருந்தா போதும். தைராய்டு தோலுக்கு ரெண்டு மூனு செ.மீ.குள்ள இருக்கு, அதனால தெளிவும் கிடைச்சுது, சவுண்டும் சாகல. எட்டற வரைக்கும் எது ஹையோ அதைப் போடுங்க, எட்டலன்னா இறங்குங்க.

கேள்வி: பேசறதும் கேக்கறதும் ஒரே கிரிஸ்டலா? ரெண்டும் குழம்பாதா? (திருநெல்வேலி)

பதில்: ஒரே கிரிஸ்டல்தான். 1880ல பிரான்ஸ்ல ஜாக் கியூரி, பியர் கியூரின்னு அண்ணன் தம்பி ரெண்டு பேர் சில படிகங்களை அமுக்கினா அதுல மின்சாரம் வருதுன்னு கண்டுபிடிச்சாங்க (தம்பியைத்தான் மேரி கியூரி அப்புறம் கல்யாணம் பண்ணாங்க). மின்சாரம் குடுத்தா அதே படிகம் சுருங்கி விரியும்னு அடுத்த வருஷமே தெரிஞ்சு போச்சு. நம்ம புரோப்ல இருக்கறது பெரும்பாலும் செயற்கையா செஞ்ச பிஇசட்டிங்கற பீங்கான் வகை. குழப்பம் வராம இருக்க டைமைப் பிரிச்சுக்குது, ஒரு மைக்ரோ செகண்ட் போல கத்தும், அப்புறம் நூத்துக்கணக்கான மைக்ரோ செகண்ட் வாயை மூடிக்கிட்டு காதைத் தீட்டும். நூத்துல தொண்ணூத்தொம்பது பங்குக்கு மேல கேக்கற வேலைதான், இந்த குணம் மனுஷங்க கிட்ட கிடைக்காது.

ஒரு சுவாரசியம் சொல்லாம போக மனசு வரல. 1955ல கிளாஸ்கோவுல இயன் டொனால்டுன்னு ஒரு மகப்பேறு டாக்டர், ஆபரேஷன்ல எடுத்த நார்க்கட்டி, சினைப்பைக் கட்டியெல்லாம் கார் டிக்கியில போட்டுக்கிட்டு, பாய்லர் செய்யற ஒரு ஃபேக்டரிக்குப் போனார். அங்க இரும்புல விரிசல் இருக்கான்னு பாக்கற அல்ட்ராசவுண்ட் மெஷின் இருந்துச்சு. ஒப்பிட்டுப் பாக்க ஒரு மாட்டிறைச்சித் துண்டு. கட்டிக்குக் கட்டி எக்கோ வேற வேற மாதிரி வந்துச்சு. அதுலருந்து வளந்த வேலை 1958ல லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல கட்டுரையா வந்தது. இன்னைக்கு கர்ப்பிணிங்க க்யூவுல நிக்கிற ஸ்கேனுக்கு ஆரம்பம் ஒரு பாய்லர் ஃபேக்டரி!

கேள்வி: டயாஃப்ரத்துக்கு (நெஞ்சையும் வயித்தையும் பிரிக்கற தசை) மேல, நுரையீரல் இருக்க வேண்டிய எடத்துல லிவர் மாதிரியே தெரிஞ்சுது. மேடம் "அது பொய்"னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. (தஞ்சாவூர்)

பதில்: மேடம் சொன்னது சரி. நான் படிக்கிறப்ப இதுலயே மாட்டியிருக்கேன், லிவர்ல ஒரு ஹிமாஞ்சியோமா (ரத்தக்குழாய்ங்க சேர்ந்த கட்டி), டயாஃப்ரத்துக்கு மேல இன்னொன்னு, "ரெண்டு இருக்கு சார்"னு பெருமையா போய் சொன்னேன், சார் ஒன்னும் பேசாம புரோபை வாங்கி கோணத்தை மாத்தினாரு, ரெண்டாவது காணாம போச்சு. காது வரைக்கும் சூடாயிருச்சு எனக்கு.

நடந்தது இதுதான். டயாஃப்ரத்துக்கு அந்தப் பக்கம் நுரையீரல் காத்து, முன்னாடி சொன்ன அந்த 99.9. அதனால அது கண்ணாடி மாதிரி ஆயிடுது. பீம் அதுல பட்டுத் தெறிச்சு, சைடுல லிவர்ல இருக்கற கட்டியில மோதி, வந்த வழியே திரும்ப டயாஃப்ரம் வழியா புரோபுக்கு வருது. சுத்தி வந்ததால லேட். மெஷினோ சவுண்ட் நேர்கோட்டுலதான் போகும்னு நம்பற ஆளு, லேட்டா வந்ததுன்னா ஆழத்துல இருக்குன்னு எடுத்துக்கிட்டு டயாஃப்ரத்துக்கு அந்தப் பக்கம் கொண்டு போய் வச்சிடுது.

இப்படி மெஷின் காட்டற பொய்க்கு ஆர்ட்டிஃபாக்ட்னு பேரு. எல்லா ஆர்ட்டிஃபாக்டும் பொல்லாதது இல்ல. பித்தப்பைக் கல்லுக்குப் பின்னாடி விழற கறுப்பு நிழல்தான் அது கல்லுன்னு காட்டிக் குடுக்குது, பேஷண்டை இடது பக்கம் ஒருக்களிச்சுப் படுக்கச் சொன்னா கல்லும் உருண்டு போகும், நிழலும் கூடவே போகும். தண்ணிக்கட்டிக்குப் பின்னாடி ஏன் பளிச்சுன்னு இருக்குன்னா, நாம டிஜிசி (ஆழத்துலருந்து வர்ற எக்கோவைக் கூடுதலா பெருக்கற செட்டிங்) வச்சு ஆழத்துக்கு ஆழம் பெருக்கிக்கிட்டே போறோம், தண்ணியிலதான் சவுண்ட் குறையவே இல்லையே, தேவையில்லாத எடத்துலயும் பெருக்கினா பளிச்சுன்னு தான் வரும்.

கேள்வி: கரோடிட்ல (கழுத்து ரத்தக்குழாய்) கலர் (ரத்த ஓட்டத்தைக் கலர்ல காட்டற மோட்) போட்டேன், நல்லா துடிக்குது, ஆனா கலரே வரல. ரத்தம் ஓடலயோன்னு பயந்துட்டேன். (சென்னை)

பதில்: ஓடுது, பயப்படாதீங்க. நீங்க புரோபை ரத்தக்குழாய்க்கு 90 டிகிரியில வச்சிருப்பீங்க. ரோட்டோரம் நிக்கிறப்ப ஆம்புலன்ஸ் கிட்ட வர வர சைரன் கீச்சுன்னும், தாண்டிப் போனதும் தணிஞ்சும் கேக்கும்ல, அதுதான் டாப்ளர். கிறிஸ்டியன் டாப்ளர் 1842ல சொன்னாரு. 1845ல பைஸ் பாலட்னு ஒருத்தர் ஹாலந்துல ரயில்ல ட்ரம்பெட் ஊதறவங்களை ஏத்தி ஓடவிட்டு, தண்டவாளத்துக்குப் பக்கத்துல காது தேறின சங்கீதக்காரங்களை நிக்க வச்சு நிரூபிச்சாரு. கிட்டயும் வராம தள்ளியும் போகாம குறுக்க போறப்ப மாற்றமே இல்ல. டாப்ளர் கணக்குல கோணத்துக்குன்னு வர்றது காஸ் தீட்டா, 90 டிகிரின்னா அது சைபர். கலர் பாக்ஸை (கலர் காட்டற கட்டத்தை) ஸ்டீர் பண்ணுங்க, அதாவது சாய்ங்க, இல்ல புரோபை ஒரு பக்கமா சாய்ங்க, கலர் வந்துடும்.

60 டிகிரிக்கு மேல போகாதீங்கன்னு ஏன் சொல்றாங்கன்னா, 60ல இருக்கறப்ப கோணத்தை 5 டிகிரி தப்பா வச்சா வேகத்துல 15, 20 சதவீதம் தப்பு வரும், அதே 5 டிகிரி 80ல தப்பினா வேகம் கிட்டத்தட்ட டபுளாயிடும், நல்லா இருக்கற ஆளுக்கு அடைப்புன்னு எழுதிடுவீங்க.

5 மெகாஹெர்ட்ஸ், 60 டிகிரி, ரத்தம் செகண்டுக்கு 50 செ.மீ., கணக்குப் போட்டா ஷிஃப்ட் (போன அலைக்கும் வந்த அலைக்கும் ஃப்ரீக்வன்சி வித்தியாசம்) 1600 ஹெர்ட்ஸ் கிட்ட வரும். நம்ம காதுக்கு எட்டற அளவு. அதனாலதான் ஸ்பீக்கர்ல கேக்குது. வயித்துல குழந்தையோட இதயம் குதிரை ஓடற மாதிரி கேக்குதேன்னு அம்மாங்க அழுவாங்கல்ல, அது நெஜமா இதயம் போடற சத்தம் இல்ல, போன அலைக்கும் வந்த அலைக்கும் உள்ள வித்தியாசத்தை மெஷின் சத்தமாக்கித் தருது. ஆனா இதை அந்த நேரத்துல அந்த அம்மா கிட்ட சொல்லிக்கிட்டு இருக்காதீங்க.

கேள்வி: டெப்த்தைக் கூட்டினா படம் விக்கி விக்கி ஓடுது. மெஷின் பழசா? (ஈரோடு)

பதில்: பழசாவும் இருக்கலாம், ஆனா முதல்ல அந்த 13ஐ எடுங்க. மெஷின் படத்தை லைன் லைனா வரையுது, 20 செ.மீ. ஆழம்னா ஒரு லைனுக்கு 260 மைக்ரோ செகண்ட் காத்திருக்கணும். ஒரு படத்துக்கு 128 லைன்னு வைங்க, 33 மில்லி செகண்ட் ஆச்சு, செகண்டுக்கு 30 படம். இதுல கலரைப் போட்டீங்கன்னா பாக்ஸுக்குள்ள ஒவ்வொரு லைனுக்கும் ஒரு தடவை இல்ல, பல தடவை பல்ஸ் அனுப்பணும், விக்காம என்ன செய்யும். சவுண்டை வேகமா ஓடச் சொல்ல முடியாது. கிட்னி 10 செ.மீ.ல இருக்கறப்ப 20 வரைக்கும் எதுக்குத் திறந்து வச்சிருக்கீங்க, டெப்த்தைக் குறைங்க, கலர் பாக்ஸைப் பாக்க வேண்டிய எடத்துக்கு மட்டும் சுருக்குங்க. அப்பவும் விக்கினா இன்ஜினியரைக் கூப்பிடுங்க.