கம்பனியின் விசுவமடுக் கிளை

மதிப்புக்குரிய ஐயா,

விசுவமடுவில் சிறிய கொமினிகேசன் கடை வைத்திருக்கிறேன். போட்டோக்கொப்பி, றீலோட், போன் திருத்தல், ஒன்லைன் விண்ணப்பம் எல்லாம் செய்வேன். பெரிய தொழில்நுட்பக் கம்பனிகளைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தபோது கொஞ்சம் கோபம் வந்தது. அதனால் எழுதுகிறேன், குறை நினைக்க வேண்டாம்.

முப்பது வருடமாக வன்னிக்கு அரசாங்கம் எதைத் தந்தது? கனடாவில் இருக்கும் அக்காவின் முகத்தை அம்மா ஒவ்வொரு இரவும் பார்க்கிறார் என்றால் அது கம்பனிக்காரன் தந்தது. அதற்கு அவன் காசும் கேட்கவில்லை. இங்குள்ள பிள்ளைகள் யூடியூப்பில் கணக்குப் படித்து ஏ.எல். பாஸ் பண்ணுகிறார்கள். யாரும் எங்கள் கழுத்தைப் பிடித்து இதைப் பாவிக்கச் சொல்லவில்லை. நாங்களே விரும்பி எடுத்தோம்.

இன்னொன்று. கம்பனிகளை நம்பாதே என்கிறீர்கள். சரி, அவர்களைக் கட்டுப்படுத்த அரசாங்கம் நிகழ்நிலை (ஒன்லைன்) காப்புச் சட்டம் கொண்டுவந்தால் அதையும் நம்பாதே என்கிறீர்கள். பூநகரிக்குக் காற்றாலை வரப்போகிறது என்றபோதும் குறை சொன்னீர்கள். அப்படியென்றால் உங்களுக்கு எதுதான் வேண்டும்? சந்தேகப்படுவது வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்கோ என்று தோன்றுகிறது.

ச., விசுவமடு

*

அன்புள்ள தம்பி,

குறை நினைக்க ஒன்றுமில்லை. கோபம் வரும் வரைக்கும் ஒருவர் என்னை வாசித்திருக்கிறார் என்பதே எனக்குப் பெரிய விஷயம்.

உங்கள் கடிதத்தின் முதல் பாதியோடு எனக்குச் சண்டை இல்லை. பொருளாதாரத் தடைக் காலம் உங்களுக்குப் பெரியவர்கள் சொன்ன கதையாகத்தான் தெரிந்திருக்கும். அப்போது இங்கே பற்றரியே தடை செய்யப்பட்ட பொருள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோ மின்சாரத்தில் ரேடியோ கேட்போம். சுற்றுகிறவருக்குக் கை உளைந்தால் பிபிசி தமிழோசையில் செய்தி வாசிப்பவருக்கும் குரல் இழுபடும். ஆளை மாற்றி மாற்றிச் சுற்றித்தான் செய்தியை முடிப்போம். போர் முடிந்து செட்டிகுளம் முகாமிலிருந்து தருமபுரத்துக்குத் திரும்பி வந்தபோது எனக்கு வீடு இல்லை, தறப்பாள் கொட்டில்தான். கிணறு இன்னும் இறைத்துத் துப்புரவாக்கவில்லை. ஆனால் போனில் சிக்னல் இருந்தது. யார் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று அந்தச் சிக்னலில்தான் அறிந்துகொண்டோம். அதை மறந்துவிட்டு எழுதினால் நான் நன்றி கெட்டவன். (அதே வீதியால் பின்னாலேயே லீசிங்காரரும் நுண்கடன்காரரும் வந்தார்கள். அந்தக் கடன்களில் ஒரு பகுதியை 2018இல் அரசாங்கமே தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. அது வேறு கதை.)

என் சந்தேகம் வேறு இடத்தில் இருக்கிறது. அதை உங்கள் கடையை வைத்தே சொல்கிறேன்.

உங்களிடம் ஒரு நாளில் எத்தனை பேர் வருகிறார்கள்? வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பிய போனோடு ஒரு அம்மா வருவார். அவருக்கு மின்னஞ்சல் கணக்குத் திறந்து கொடுப்பது நீங்கள். கடவுச்சொல்லை நினைத்து எடுத்து, அவர் மறந்துவிடுவார் என்று உங்கள் சிஆர் கொப்பியில் குறித்து வைப்பதும் நீங்கள். நாற்பது பக்க நிபந்தனைகளுக்குக் கீழே 'சம்மதம்' என்ற இடத்தில் அமத்துவது உங்கள் விரல். பிறகு கணக்குப் பூட்டுப்பட்டால், படங்கள் காணாமல் போனால், யாரோ அவர் பெயரில் காசு கேட்டால் அவர் ஓடிவருவதும் உங்களிடம்தான். ஆக, கம்பனிக்கு வன்னியில் ஒரு கிளை அலுவலகம் இருக்கிறது, அது விசுவமடுவில் இருக்கிறது, அதன் முகாமையாளர் நீங்கள். சம்பளம் மட்டும் இல்லை. தலைமை அலுவலகத்தோடு கதைக்க ஒரு நம்பரும் இல்லை.

எங்கள் ஒழுங்கையில் ஒரு பிள்ளை இருக்கிறாள். சாந்தி என்று வைத்துக்கொள்வோம். கணவர் இல்லை. சட்டை தைத்து, அதைப் படம் எடுத்து ஒரு சமூக ஊடகப் பக்கத்தில் போட்டு விற்று வந்தாள். கொழும்பிலும் ஆள் இருந்தது, வெளிநாட்டிலும் இருந்தது. நாலு வருடமாகச் சேர்த்த வாடிக்கை. ஒரு காலை கணக்குப் பூட்டுப்பட்டுக் கிடந்தது: உங்கள் பெயரை உறுதிப்படுத்துங்கள் என்று.

பெயர்தான் அவளுடைய பிரச்சினை. எங்கள் ஆட்களுக்கு ஏது கடைசிப் பெயர்? தகப்பன் பெயர் முன்னால் நிற்கும், சொந்தப் பெயர் பின்னால் வரும். படிவமோ முதற் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு பெட்டி வைத்திருக்கும். அது போகட்டும். அவளுடைய பத்திரங்கள் எல்லாம் 2009இல் மாத்தளன் பக்கம் எங்கேயோ ஒரு பதுங்கு குழியில் போய்விட்டன. பிறகு நடமாடும் சேவையில் எடுத்த பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் தர்மலிங்கத்தின் பெயர் ஆங்கிலத்தில் 'ரீ'யில் (T) தொடங்குகிறது. அடையாள அட்டையில் 'டீ'யில் (D) தொடங்குகிறது. தர்மலிங்கத்துக்கு எந்த எழுத்தில் விருப்பம் என்று இப்போது கேட்க முடியாது.

அவள் படம் எடுத்து அனுப்பினாள். மூன்று நிமிடத்தில் பதில் வந்தது: ஏற்கவில்லை. மூன்று நிமிடத்தில் எந்த மனிதரும் ஒரு பிறப்புப் பத்திரத்தை வாசித்திருக்க மாட்டார், அதுவும் தமிழில். பிறகு அவள் செய்ததைத்தான் நான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். வன்னியில் ஒரு ஆளுக்கு அலுவல் சிக்கினால் எங்கே போவார்? கிராம சேவையாளரிடம். அவளும் போனாள். நல்ல மனுஷன், இரண்டு பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று கடிதம் எழுதி, கையெழுத்திட்டு, சீல் அடித்துக் கொடுத்தார். அதைப் பிரதேச செயலகத்துக்குக் கொண்டுபோய் அங்கேயும் ஒரு சீல் வாங்கினாள். இரண்டு சீலோடு கடிதம் தயார். அனுப்புவதற்கு விலாசம் இல்லை.

கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) எங்களை எத்தனை முறை அலைக்கழித்திருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். 'நாளைக்கு வாங்கோ' என்பார்கள், சிங்களத்தில் படிவம் தருவார்கள், மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனவர் மூன்று மணிக்குத்தான் வருவார். ஆனாலும் அங்கே ஒரு ஜன்னல் இருக்கிறது. ஜன்னலுக்குப் பின்னால் ஒரு முகம் இருக்கிறது. சத்தம் போடலாம். சத்தம் போட்டால் உள்ளே இருந்து இன்னொருவர் எழும்பி வருவார். கம்பனியிடம் சத்தம் போடக்கூட வழியில்லை.

நாங்களே விரும்பி எடுத்தோம் என்கிறீர்கள். உங்கள் கடையில் விற்கும் புது போனைப் பெட்டியிலிருந்து எடுத்துத் திறந்து பாருங்கள், தேடுவதற்கு ஏற்கெனவே கூகிள் இருக்கும். யார் வைத்தது? 2024 ஓகஸ்டில் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று, தேடுபொறிச் சந்தையில் கூகிள் சட்டவிரோதமாக ஏகபோகம் வைத்திருக்கிறது என்று தீர்ப்பளித்தது. போன்களிலும் உலாவிகளிலும் முதல் இடத்தில் இருப்பதற்காக 2021 ஒரு வருடத்தில் மட்டும் கூகிள் கொடுத்த காசு 26.3 பில்லியன் டொலர் என்பது அந்த வழக்கில் வெளிவந்த கணக்கு. பெட்டியைத் திறந்தவுடன் கண்ணில் படுவதற்கு இவ்வளவு காசு என்றால், எங்கள் விருப்பத்துக்கு அங்கே என்ன வேலை? (அடுத்த வருடம் அதே நீதிபதி, கூகிள் தன் உலாவியான குரோமை விற்கத் தேவையில்லை என்றும் சொல்லிவிட்டார். பெரிய இடத்துத் தண்டனை அப்படித்தான்.)

சரி, அப்படியென்றால் அரசாங்கத்தின் சட்டத்தை ஏன் நம்பவில்லை என்ற உங்கள் கேள்வி. நியாயமான கேள்வி.

2018 மார்ச்சில் கண்டி திகனவில் முஸ்லிம் மக்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது பேஸ்புக்கில் சிங்களத்தில் வெளிப்படையாகவே கொலை மிரட்டல்கள் உலாவின. முறைப்பாடு செய்தவர்களுக்கு 'எங்கள் விதிகளை மீறவில்லை' என்ற பதில் போனது. சிங்களம் தெரிந்து அதைப் பார்க்கப் போதிய ஆட்களைக் கம்பனி வைத்திருக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து, 2020 மேயில், வருந்துகிறோம் என்றார்கள். அரசாங்கம் அந்த நேரம் செய்தது என்ன? நாடு முழுவதற்கும் சமூக ஊடகங்களைப் பூட்டியது. திகனவில் நெருப்பு வைத்தவனுக்கும் முல்லைத்தீவில் மகனோடு கதைக்கக் காத்திருந்த தாய்க்கும் ஒரே பூட்டு. 2019இலும் அதே பூட்டு, 2022 ஏப்ரலிலும் அதே பூட்டு. இந்த அனுபவத்தோடுதான் நான் சட்டத்தை வாசிக்கிறேன்.

இரண்டு சட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தற்செயலாக இரண்டுக்கும் இலக்கம் ஒன்பது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கானது. என்னைப் பற்றிய விவரங்களை வைத்திருப்பவரிடம், திருத்து, அழி, ஏன் வைத்திருக்கிறாய் என்று கேட்க எனக்கு உரிமை தருவது. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் நீங்கள் சொல்லும் நிகழ்நிலைக் காப்புச் சட்டம். எது பொய்க் கூற்று என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஐந்து பேர் கொண்ட ஓர் ஆணைக்குழுவுக்குத் தருவது. பின்னது 2024 ஜனவரி 24 அன்று 108க்கு 62 என்ற வாக்கில் நிறைவேறி, எட்டு நாளில், பெப்ரவரி 1 அன்று, சபாநாயகர் கையெழுத்தோடு சட்டமாகிவிட்டது. முன்னதின் முக்கியமான பகுதிகள் மூன்று வருடம் காத்திருந்து 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவேண்டியவை. அந்த நேரத்தில் அவற்றைத் தள்ளிப்போட்டார்கள். ஆட்சி மாறியும் இந்த வேக வித்தியாசம் மாறவில்லை. சாந்திக்கு உதவக்கூடிய ஒன்பது ஊர்ந்தது, சாந்தியின் வாயைப் பார்க்கும் ஒன்பது ஓடியது.

காப்புச் சட்டத்தைக் கூகிள், மெட்டா போன்றவர்கள் அங்கம் வகிக்கும் ஆசிய இணையக் கூட்டமைப்பும் எதிர்த்தது. அதைப் பார்த்து அவர்கள் எங்கள் பேச்சுச் சுதந்திரத்துக்காக நிற்கிறார்கள் என்று நம்ப வேண்டாம். அவர்களுக்கு அது செலவுக் கணக்கு.

இனிக் காற்றாலை. எனக்குக் காற்றின்மேல் கோபம் இல்லை, பூநகரிக் காற்றில் மின்சாரம் எடுக்காவிட்டால் வேறு எங்கே எடுப்பது? ஆனால் அது வந்த விதத்தைப் பாருங்கள். மன்னாருக்கும் பூநகரிக்குமாக 484 மெகாவாட், அதானி கம்பனிக்கு, கேள்விப்பத்திரம் இல்லாமல். 2022 ஜூன் 9 அன்று போட்டி விலை கோருவதைக் கட்டாயமாக்கிய பிரிவை நாடாளுமன்றம் மின்சாரச் சட்டத்திலிருந்து எடுத்தது. மறுநாள் மின்சார சபைத் தலைவர், அரச நிறுவனங்களை விசாரிக்கும் நாடாளுமன்றக் கோப் குழுவின் முன், இந்தியப் பிரதமர் அழுத்தம் தருவதாக ஜனாதிபதி தன்னிடம் சொன்னார் என்றார். ஜனாதிபதி மறுத்தார். தலைவர் சொன்னதை மீளப்பெற்றுக்கொண்டு பதவியையும் விட்டார். 2024 மேயில் ஒரு அலகுக்கு 8.26 அமெரிக்கச் சதம், இருபது வருடத்துக்கு, என்று அமைச்சரவை அங்கீகரித்தது. புது அரசாங்கம் விலை கூட என்றது. 2025 பெப்ரவரியில் கம்பனி விலகிக்கொள்கிறோம் என்று கடிதம் அனுப்பியது. பூநகரியில் எனக்குத் தெரிந்தவர்கள் அது வரப்போவதையும் பத்திரிகையில்தான் வாசித்தார்கள், போனதையும் பத்திரிகையில்தான் வாசித்தார்கள். மன்னார் மக்கள் 2025இல் வேறு காற்றாலைகளுக்காக வீதியில் உட்கார்ந்த பிறகுதான் அவர்களோடு கதைக்க வேண்டும் என்ற நினைப்பே கொழும்புக்கு வந்தது.

கூகிளின் பலூன் ஞாபகம் இருக்கிறதா? 2015இல் ஒப்பந்தம், நாடு முழுவதும் வானத்திலிருந்து இணையம் என்றார்கள். 2016 பெப்ரவரியில் சோதனைப் பலூன் ஒன்று கம்பளைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இறங்கிக் கிடந்தது. 2021இல் திட்டத்தையே மூடிவிட்டார்கள். இப்போது ஸ்டார்லிங்க் என்ற செய்மதி இணையம் வந்திருக்கிறது. நல்லாய் வேலை செய்யட்டும், நானும் வாங்கினாலும் வாங்குவேன்.

எனக்கு எதுதான் வேண்டும் என்று கேட்டீர்கள். ஒரு ஜன்னல் வேண்டும். இந்த நாட்டில் ஆட்களை வைத்துக் காசு உழைக்கிற கம்பனி, தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரு மனிதரை, இத்தனை நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்ற கட்டாயத்தோடு, இங்கே வைக்க வேண்டும். அதைச் செய்ய வைக்கிற சட்டத்தை அரசாங்கம் கொண்டுவந்தால் முதல் ஆளாகக் கைதட்டுவேன். இந்திய நிதியுதவியோடு டிஜிட்டல் அடையாள அட்டை வரப்போகிறது என்கிறார்கள். அதற்குள் தர்மலிங்கத்தின் 'ரீ'யையும் 'டீ'யையும் யார் பொருத்துவார்கள் என்று கேட்டால் அது வசதியுள்ளவனின் பொழுதுபோக்கு இல்லை, தம்பி. அது பொருந்தாவிட்டால் நாளைக்கு அவளுக்குச் சட்டை விற்பது மட்டும் நிற்காது, அஸ்வெசும என்ற அரசாங்க நிவாரணக் காசும் நின்றுபோகலாம்.

வருகிற செவ்வாய்க்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு உங்கள் கடைக்கு வருகிறேன். பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, இரண்டு சீல் அடித்த கடிதம் மூன்றும் கொண்டுவருவாள். நான்காவது முறையாக அனுப்பிப் பார்ப்போம். படம் எடுக்கும்போது ஃபிளாஷ் போட வேண்டாம். போன முறை லேமினேஷனில் வெளிச்சம் அடித்துத் தகப்பன் பெயர் மறைந்துவிட்டது.

அன்புடன்,
தருமபுரம்