கடவுளை அரசாங்கத்திடம் ஒப்படைக்காதீர்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் காலையும் மாலையும் பிரார்த்தனையைத் தவறவிடாதவள். மதத்தையும் அரசையும் பிரிக்க வேண்டும் என்று யார் பேசினாலும் என்னைப் போன்றவர்களை ஒதுக்குகிற பேச்சாகவே அது காதில் விழுகிறது. பக்தி உள்ளவர்கள் இதை ஏன் ஆதரிக்க வேண்டும்?

பதில்: உங்கள் பக்தியைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அம்மா. சமாதானத்துக்காக இதைச் சொல்லவில்லை. இந்தப் பிரிவினை வேண்டும் என்று ஆரம்பத்தில் பிடிவாதமாக நின்றவர்களில் பலர் கடவுள் நம்பிக்கையில் ஊறியவர்கள்.

ரோஜர் வில்லியம்ஸ் என்று ஒரு பாதிரியார் இருந்தார். இங்கிலாந்தின் அரசுத் திருச்சபை கொடுத்த நெருக்கடி தாங்காமல் கடல் கடந்து அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் போய்ச் சேர்ந்த பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான கிறிஸ்தவப் பிரிவினரில் அவரும் ஒருவர். போன இடத்தில் அந்தப் பியூரிட்டன்கள் என்ன செய்தார்கள் தெரியுமா, எந்தக் கொடுமையிலிருந்து தப்பி வந்தார்களோ அதையே மற்றவர்களுக்குச் செய்தார்கள், தங்கள் வழிபாட்டு முறையைச் சட்டமாக்கினார்கள். ஒருவர் கடவுளை எப்படி வணங்குகிறார் என்பதில் நீதிபதிக்கு வேலை இல்லை என்று வில்லியம்ஸ் சொன்னார். 1635-ல் அவரை வெளியேற்ற உத்தரவு போட்டார்கள். கடும் பனிக்காலத்தில் தப்பிப் போய், 1636-ல் பிராவிடன்ஸ் என்ற ஊரை உருவாக்கினார், அங்கே யாரும் தங்கள் மனசாட்சிப்படி வழிபடலாம் என்றார். அதே மாசசூசெட்ஸில் 1660-ல் மேரி டயர் என்ற பெண்ணைத் தூக்கில் போட்டார்கள். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவராக இருந்தார், தடையை மீறித் திரும்பத் திரும்ப பாஸ்டனுக்கு வந்தார், அவ்வளவுதான் அவர் செய்த குற்றம். தூக்கில் போட்டவர்களும் கிறிஸ்தவர்கள், தூக்கில் தொங்கியவரும் கிறிஸ்தவர், இரண்டு பேர் கையிலும் இருந்தது ஒரே பைபிள்.

நான் சொல்ல வருவது இதைத்தான். அரசு மதத்தைக் கையில் எடுத்தால், எந்த மதம் என்ற கேள்வி சீக்கிரமே முடிந்துவிடும். அதற்கப்புறம்தான் உண்மையான தொல்லை ஆரம்பிக்கும்: அந்த மதத்தில் எந்தப் பிரிவு, எந்த முறை, யார் சொல்கிற விளக்கம்? பதில் சொல்லப்போவது நீங்களோ உங்கள் குருவோ இல்லை, பதவியில் இருக்கிற ஒரு அதிகாரி. அன்றைக்கு உங்கள் பிரார்த்தனை அவருக்குச் சரியாகப் படவில்லை என்றால் நீங்கள் எங்கே போய் முறையிடுவீர்கள்?

கேள்வி: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், இது நாத்திகத்தின் மறுபெயர்தானே?

பதில்: இல்லை. நாத்திகத்தை அரசின் கொள்கையாக்கிப் பார்த்த நாடு அல்பேனியா. 1967-ல் தேவாலயங்களையும் மசூதிகளையும் மூடியது, 1976-ல் மதத்தை ஏற்பதில்லை என்று அரசியல் சட்டத்திலேயே எழுதியது. மக்கள் மறுபடி வெளிப்படையாகக் கும்பிட 1990 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கடவுள் உண்டு என்று சொல்வதும் இல்லை என்று சொல்வதும் அரசின் வேலை இல்லை. மனசாட்சிக்குள் கையை நுழைக்கிற அரசு எந்தப் பக்கம் நின்று நுழைத்தாலும் எனக்கு அது ஒன்றுதான்.

கேள்வி: ஒரு நாட்டில் பத்தில் ஒன்பது பேர் ஒரே மதம். ஜனநாயகம் என்றால் பெரும்பான்மை. அந்த மதத்தை அரசு மதமாக அறிவித்தால் என்ன தவறு? இங்கிலாந்தில் அரசுத் திருச்சபை இருக்கிறதே, அங்கே என்ன கெட்டுவிட்டது?

பதில்: நல்ல கேள்வி, இரண்டாகப் பிரித்துக்கொள்கிறேன்.

யார் ஆள வேண்டும், வரி எவ்வளவு, சாலை எங்கே என்பதையெல்லாம் பெரும்பான்மை முடிவு செய்யட்டும், அதற்குத்தான் தேர்தல். தோற்றவர் அடுத்த தேர்தலில் ஜெயிக்கலாம். ஆனால் ஒருவருடைய நம்பிக்கை ஓட்டுக்கு விடுகிற பொருளா? அதில் தோற்றவர் அடுத்த தேர்தலுக்குள் மனதை மாற்றிக்கொண்டு வர முடியுமா? சரி, சிறுபான்மையை விடுங்கள், அந்தப் பத்தில் ஒன்பது பேருக்காவது நிம்மதி கிடைக்கிறதா என்று பாருங்கள். 1947 ஆகஸ்ட் 11 அன்று பாகிஸ்தானின் அரசியல் நிர்ணய சபையில் ஜின்னா பேசும்போது, உங்கள் கோயிலுக்கோ மசூதிக்கோ போக உங்களுக்குச் சுதந்திரம் உண்டு, நீங்கள் எந்த மதம் என்பது அரசின் அலுவலோடு சம்பந்தப்பட்டதில்லை என்ற பொருளில் சொன்னார். 1974-ல் அதே நாட்டின் நாடாளுமன்றம் அரசியல் சட்டத்தைத் திருத்தி, அகமதியர்கள் என்ற பிரிவினர் முஸ்லிம்கள் இல்லை என்று அறிவித்தது. தங்களை முஸ்லிம் என்றே நம்புகிறவர்களைப் பார்த்து, இல்லை என்று ஒரு சட்டம் சொல்லிவிட்டது. 1984-ல் வந்த அவசரச் சட்டத்தின்படி அவர்கள் தங்கள் தொழுகை இடத்தை மசூதி என்று அழைத்தாலே சிறை. அப்துஸ் சலாம் 1979-ல் இயற்பியலுக்கான நோபல் பரிசு வாங்கிய பாகிஸ்தானியர், அகமதியர். 1996-ல் இறந்தார். அவர் கல்லறைக் கல்வெட்டில் 'முதல் முஸ்லிம் நோபல் பரிசாளர்' என்று பொறித்திருந்தார்கள். அதில் 'முஸ்லிம்' என்ற சொல்லை மட்டும் அழித்தார்கள். 'முதல் நோபல் பரிசாளர்' என்று அர்த்தமே இல்லாத ஒரு வரி மிஞ்சியது. செத்தவரின் கல்லைக்கூட அரசு விட்டுவைக்கவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

இங்கிலாந்து விஷயத்துக்கு வருகிறேன். அங்கே மக்கள் சுதந்திரமாக இருப்பது அரசுத் திருச்சபையால் இல்லை, அதன் பல்லை ஒவ்வொன்றாகப் பிடுங்கியதால். திருச்சபையின் முறைப்படி நற்கருணை (வழிபாட்டில் தருகிற அப்பமும் திராட்சை ரசமும்) வாங்காதவருக்கு அரசுப் பதவி இல்லை என்ற சட்டம் 1828 வரை இருந்தது. லயனல் டி ராத்ஸ்சைல்ட் என்ற யூதர் 1847-ல் லண்டன் நகரத் தொகுதியில் ஜெயித்தார். உறுப்பினர் உறுதிமொழியில் 'ஒரு கிறிஸ்தவனின் உண்மையான விசுவாசத்தின்படி' என்ற வார்த்தைகள் இருந்தன. 1850-ல் அவர் சபைக்குப் போய், பழைய ஏற்பாட்டின் மேல் கை வைத்து, அந்த வார்த்தைகளை மட்டும் விட்டுவிட்டு உறுதிமொழி எடுத்தார். வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். தொகுதி மக்கள் அவரையே திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்தார்கள், அவருக்கு இருக்கை கிடைத்தது 1858-ல். பதினொரு வருடம். இன்றும் அந்த நாட்டின் மேலவையில் 26 பிஷப்புகளுக்கு இடம் இருக்கிறது. வேறு மதத்தவருக்கோ வேறு திருச்சபைகளுக்கோ அப்படி ஒதுக்கிய இடம் கிடையாது. தொல்லை குறைந்திருக்கிறது என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். நியாயம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

பெரும்பான்மை நினைத்தால் கையைக் கட்டிக்கொள்ளவும் முடியும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 1949 அக்டோபர் 17 அன்று இந்திய அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத், அரசியல் சட்டத்தின் முகப்புரை 'கடவுளின் பெயரால்' என்று தொடங்க வேண்டும் என்றார். ஒவ்வொரு மனிதனும் தனக்குத்தானே தீர்மானிக்க வேண்டிய ஒன்றில் கூட்டத்தின் கருத்தை ஏன் திணிக்க வேண்டும் என்று எச்.என். குன்ஸ்ரு கேட்டார். ஆதரவு 41, எதிர்ப்பு 68. எதிர்த்து ஓட்டுப் போட்டவர்கள் எல்லோரும் கடவுளை நம்பாதவர்களா என்ன?

கேள்வி: அரசு எல்லா மதத்துக்கும் சமமாகப் பணம் கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததே?

பதில்: தீராது. எல்லா மதமும் என்று சொன்ன உடனே ஒரு பட்டியல் வேண்டும். பட்டியல் எழுதுகிறவருக்கு யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்ற அதிகாரம் வந்துவிடும். பிரான்சைப் பாருங்கள், 1905-ல் சட்டம் போட்டு எந்த மதத்துக்கும் அரசு சம்பளமோ மானியமோ தராது என்று முடித்தார்கள். ஆனால் அல்சாஸ்-மோசெல் பகுதி அப்போது ஜெர்மனியிடம் இருந்தது. முதல் உலகப் போர் முடிந்து 1918-ல் திரும்பி வந்தபோது நெப்போலியன் காலத்து ஏற்பாட்டை அப்படியே விட்டுவிட்டார்கள். கத்தோலிக்கம், புராட்டஸ்டன்டில் இரண்டு பிரிவு, யூத மதம் என்று இவர்களின் குருமார்களுக்கு அங்கே இன்றும் அரசுச் சம்பளம். அதே பகுதியில் ஏராளமான முஸ்லிம்கள் வாழ்கிறார்கள். ஆனால் நூறு, இருநூறு வருடங்களுக்கு முன்னால் எழுதிய பட்டியலில் இஸ்லாம் இல்லை!

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 1784-ல் இதைவிடத் தாராளமாக ஒரு மசோதா வந்தது. கிறிஸ்தவ போதகர்களுக்காக ஒரு வரி, அது எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று கட்டுகிறவரே சொல்லலாம். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! கடுமையாக எதிர்த்தவர்களில் பாப்டிஸ்டுகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் முக்கியமானவர்கள். அனுமதி இல்லாமல் பிரசங்கம் செய்ததற்காகச் சிறைக்குப் போய் வந்தவர்கள் அவர்களிடையே இருந்தார்கள், அரசின் காசு கையில் வந்தால் பின்னாலேயே அரசின் கட்டளையும் வரும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மதத்துக்காக மூன்று பென்ஸ் சில்லறை கொடு என்று கட்டாயப்படுத்த முடிகிற அரசு, நாளைக்கு எதை வேண்டுமானாலும் கட்டாயப்படுத்தும் என்று, பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ஜேம்ஸ் மேடிசன் எழுதினார். மசோதா செத்தது. 1786-ல் மத சுதந்திரச் சட்டம் வந்தது. உங்கள் வழிபாட்டுத் தலத்துக்கு நீங்கள் மனமுவந்து கொடுப்பதில் இருக்கிற நிறைவு, சம்பளத்தில் பிடித்துக்கொண்டு போகிற வரியில் இருக்குமா?

கேள்வி: பள்ளியில் காலையில் எல்லோருக்கும் பொருந்துகிற மாதிரி பொதுவாக ஒரு பிரார்த்தனை. விருப்பம் இல்லாத பிள்ளை சும்மா நிற்கட்டும். யாருக்கு நட்டம்?

பதில்: சும்மா நிற்கிற பிள்ளைக்கு. ஏழு வயதுக் குழந்தையை நினைத்துப் பாருங்கள், கூடப் படிக்கிற அத்தனை பேரும் கண்ணை மூடி வாயசைக்கும்போது அது மட்டும் கண்ணைத் திறந்துகொண்டு நிற்க வேண்டும், ஆசிரியர் அதைப் பார்ப்பார், மற்ற பிள்ளைகள் அப்புறம் ஏன் என்று கேட்பார்கள். பெரியவர்களாகிய நமக்கே அந்தத் தைரியம் வருமா என்பது சந்தேகம்.

நியூயார்க்கில் நீங்கள் சொல்கிற மாதிரியே செய்தார்கள். மாநிலக் கல்வி வாரியம் எல்லா மதத்துக்கும் பொதுவாக, ஆங்கிலத்தில் 22 வார்த்தைகளில் ஒரு பிரார்த்தனை எழுதியது, விருப்பம் இல்லாதவர் சொல்ல வேண்டாம். பெற்றோர் சிலர் வழக்குப் போட்டார்கள். 1962-ல் உச்ச நீதிமன்றம், பிரார்த்தனை எழுதிக் கொடுப்பது அரசின் வேலையே இல்லை என்று தீர்ப்புச் சொன்னது. வழக்கை விடுங்கள், அந்த 22 வார்த்தைகளை யோசியுங்கள். யார் மனமும் நோகாதபடி ஒரு குழு உட்கார்ந்து கூட்டிக் கழித்து எழுதினால் அது பிரார்த்தனையா, சுற்றறிக்கையா? உண்மையான பக்தருக்குத்தான் முதலில் கோபம் வர வேண்டும்.

இந்தியாவில் 1985-ல் நடந்தது கொஞ்சம் வேறு விஷயம், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். கேரளத்தில் யெகோவா சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், பாடவில்லை, தங்கள் நம்பிக்கை இடம் தராது என்றார்கள். பள்ளியிலிருந்து நீக்கினார்கள். 1986-ல் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. பிள்ளைகளை எண்ணிக்கை பார்த்து எடை போடாத அந்தத் தீர்ப்பை நான் மிகவும் மதிக்கிறேன்.

கேள்வி: அப்படியானால் மத அடையாளம் அணிந்தவர் அரசியலுக்கே வரக்கூடாது என்கிறீர்களா?

பதில்: கண்டிப்பாக இல்லை. இந்தப் பக்கத்து அநியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். 1999-ல் துருக்கியில் மெர்வே கவாக்ச்சி என்ற பெண் தேர்தலில் ஜெயித்து, தலைமுக்காடோடு நாடாளுமன்றத்துக்குள் போனார். உறுப்பினர்கள் மேசையைத் தட்டி 'வெளியே போ' என்று கத்தினார்கள். உறுதிமொழி எடுக்க முடியாமலேயே அவர் திரும்ப வேண்டியிருந்தது. ராத்ஸ்சைல்டுக்கு மதத்தின் பெயரால் செய்ததை இவருக்கு மதச்சார்பின்மையின் பெயரால் செய்தார்கள். ஓட்டுப் போட்ட மக்களுக்கு இரண்டு இடத்திலும் பதில் இல்லை. 2013-ல்தான் முக்காடு அணிந்த பெண் உறுப்பினர்கள் அங்கே தடையில்லாமல் உட்கார முடிந்தது. அதே துருக்கியில் 1924 முதல் மத விவகாரங்களுக்கென ஓர் அரசு அமைப்பு உண்டு, இமாம்களுக்கு அரசுச் சம்பளம். அலெவி என்ற சிறுபான்மை முஸ்லிம் பிரிவினரின் வழிபாட்டு இல்லங்களுக்கோ மசூதிக்குத் தருகிற அந்தஸ்து கிடையாது. அதைப் பிரிவினை என்று எப்படிச் சொல்வது? மதத்தைத் தன் துறைகளில் ஒன்றாக அரசு வைத்துக்கொண்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

எம்.பி., எம்.எல்.ஏ., அமைச்சர் யாராக இருந்தாலும் எதை வேண்டுமானாலும் அணியட்டும், எந்தக் கடவுளிடமிருந்தும் ஊக்கம் பெறட்டும். மார்ட்டின் லூதர் கிங் ஒரு போதகர்தான், அவர் பேச்சு முழுக்க பைபிள் வாசம். ஆனால் அவர் கேட்டது எல்லோருக்கும் ஒரே சட்டம். ஒரு சட்டத்தைக் கொண்டு வரும்போது 'என் வேதம் சொல்கிறது' என்பதோடு நிறுத்தாமல், அந்த வேதத்தை நம்பாதவரும் ஏற்கக்கூடிய காரணம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்பது.

கேள்வி: நான் அரசு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். சுவரில் என் மதப் படம் மாட்டியிருக்கிறோம். யாரும் புகார் சொன்னதில்லை. தவறா?

பதில்: தவறுதான். உங்கள் மனம் நல்லது என்று தெரிகிறது, ஆனாலும் தவறுதான். புகார் வராததை வைத்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் மேசைக்கு எதிரே நிற்பவர் ஒரு சான்றிதழுக்காக வந்திருக்கிறார், கையெழுத்து உங்களிடம் இருக்கிறது, அந்த நேரத்தில் சுவரைக் காட்டி ஆட்சேபம் சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்? கடையாக இருந்தால் பிடிக்காதவர் அடுத்த கடைக்குப் போவார். பிறப்புச் சான்றிதழுக்கு அடுத்த அரசாங்கம் இல்லை.

உங்கள் பர்ஸில், கழுத்தில், கைப்பேசித் திரையில் இருப்பது உங்களுடையது, அதைக் கேட்க யாருக்கும் உரிமை இல்லை. சுவர் உங்களுடையது இல்லை. கழற்றலாம் என்று சக ஊழியர்களிடம் பேசும்போது வேறு மதத்துப் படங்களும் அங்கே இருந்தால் முதலில் உங்களுடையதை இறக்குங்கள், மற்றவற்றைப் பற்றி அப்புறம் பேசலாம்.