மூன்றாவது நீட் வேண்டாம், அவளை எழும்பூருக்கு அனுப்புங்கள்

தொட்டியத்திலிருந்து ஓர் அப்பா எழுதியிருக்கிறார். மகள் இரண்டு முறை நீட் எழுதியும் மார்க் போதவில்லை. மூன்றாவது முறைக்குப் பெரியப்பா கோச்சிங் சென்டரில் பேசி வைத்துவிட்டார், பிள்ளையோ கொல்லையில் உட்கார்ந்து வாழைநார், தென்னம்பாளை, பழைய சைக்கிள் ரிம் என்று எதையாவது வைத்து விளக்கும் முக்காலியும் செய்துகொண்டிருக்கிறாள், நீங்கள்தான் புத்தி சொல்ல வேண்டும் என்கிறார். ஒரு விளக்கின் போட்டோவும் வந்தது.

சார், உங்கள் கவலை புரிகிறது. ஆனால் அவளுக்குச் சொல்ல என்னிடம் புத்தி எதுவும் இல்லை, உங்களுக்குத்தான் இருக்கிறது. போட்டோவைப் பெரிதாக்கிப் பாருங்கள். நாரை ரிம்மில் இழுத்துக் கட்டி, முடிச்சையெல்லாம் உள்பக்கம் தள்ளியிருக்கிறாள், பல்பு சூடு நாரில் படாமல் நாலு விரல் இடைவெளி விட்டிருக்கிறாள். யாரும் சொல்லித் தராமல் இது வந்திருக்கிறது என்றால் அதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்காதீர்கள்.

அமெரிக்கச் சிற்பி இசாமு நொகுச்சியும் முதலில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மருத்துவத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தவர். சிற்ப வகுப்புக்குப் போ என்று தூண்டியது அவருடைய அம்மா. மருத்துவத்தை விட்டுச் சிற்பியானார். 1951-ல் ஜப்பானில் கிஃபுவுக்குப் போய், அங்கே காகித லாந்தர் செய்கிறவர்களோடு சேர்ந்து 'அகாரி' விளக்குகளைத் தொடங்கினார். மர அச்சைச் சுற்றி மூங்கில் சிம்பைக் கட்டி, மல்பெரிப் பட்டைக் காகிதத்தைத் துண்டு துண்டாக ஒட்டி, காய்ந்ததும் அச்சைக் கழற்றி விளக்கின் வாய்வழியே உருவிவிடுவார்கள், விளக்கு மடிந்து தட்டையாகப் பெட்டிக்குள் போய்விடும். இன்றைக்கும் அங்கே செய்து விற்கிறார்கள். பிரேசிலின் வடிவமைப்பாளர் உம்பெர்ட்டோ கம்பானா சட்டம் படித்தவர், தம்பியோடு சேர்ந்து 500 மீட்டர் கயிற்றில் ஒரு நாற்காலி செய்தார், அதை இத்தாலியக் கம்பெனி ஒன்று தயாரித்து விற்றது.

சரி, நம் ஊரில் என்ன வழி? சென்னை எழும்பூரில் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது, 1850-ல் தொடங்கியது. பி.எஃப்.ஏ. என்ற கவின் கலைப் பட்டம், நான்கு வருஷம். இவளுக்குச் சிற்பம் அல்லது செராமிக் (சுட்ட மண், பீங்கான் வேலை) பொருந்தும். களிமண், பிளாஸ்டர் அச்சு, மரம், உலோக வார்ப்பு எல்லாம் கையால் பழக வேண்டிய படிப்பு. மெரினாவில் உழைப்பாளர் சிலையைச் செய்த ராய் சௌத்ரி அங்கே முதல்வராக இருந்தவர். "இதெல்லாம் சோறு போடுமா" என்று கேட்கிற உறவினர்களுக்கு ஒன்று சொல்லுங்கள்: அடுத்து அந்தக் கல்லூரிக்கு முதல்வரான ஓவியர் பணிக்கரும் அவரைச் சுற்றியிருந்த ஓவியர்களும் பாத்திக் துணியும் (மெழுகு வைத்துச் சாயம் ஏற்றியது) கைவினைப் பொருளும் விற்ற காசைப் போட்டுத்தான் 1966-ல் சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்தை உண்டாக்கினார்கள்.

நுழைவுத் தேர்வில் வரைந்து காட்ட வேண்டியிருக்கும், அதனால் இன்றிலிருந்தே தினமும் பென்சிலைப் பிடிக்கட்டும். நான்கு வருஷப் பட்டம் என்பதால் பின்னால் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் ஃபர்னிச்சர் வடிவமைப்பில் எம்.டெஸ். என்ற முதுகலைப் பட்டம் படிக்கவும் விண்ணப்பிக்கலாம்.

பணத்தில் மட்டும் நான் கறார். லட்சக்கணக்கில் கேட்கிற தனியார் இன்டீரியர் டிசைன் படிப்பு வேண்டாம், அரசுக் கல்லூரி இருக்கும்போது நிலத்தின் மேல் ஒரு ரூபாய் கடன் வாங்காதீர்கள். முதல் சில வருஷம் வருமானம் சீராக வராது, அதை அவளிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். லீவு நாளில் வயரிங்கும் வெல்டிங்கும் பழகட்டும், ஒவ்வொரு விளக்குக்கும் நார், ஹோல்டர், ஒயர், தன் கூலி என்று கணக்கு எழுதட்டும்.

கோச்சிங்குக்கு முன்பணம் கட்டவில்லை என்றால் கட்டாதீர்கள். பெரியப்பா கேட்டால் என் நம்பரைக் கொடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.