காணும் பொங்கலுக்கு என்ன கறி கொண்டுபோகலாம்?

கேள்வி: காணும் பொங்கலன்று எங்கள் குடியிருப்பில் இருபது பேர் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து ஆற்றங்கரையில் சாப்பிடப் போகிறோம். புளியோதரை, எலுமிச்சை சாதம், தயிர் சாதம் மற்ற வீடுகளில் செய்கிறார்கள். தொட்டுக்கொள்ள ஒரு கறி என் பொறுப்பு. காலை பத்து மணிக்குக் கிளம்புவோம், ஒரு மணிக்குச் சாப்பாடு. உருளைக்கிழங்கு ரோஸ்ட் சரிவருமா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: ரோஸ்ட் வேண்டாம். அதன் மொறுமொறுப்பு மூடிய பாத்திரத்தில் அரைமணி நேரம்கூடத் தாங்காது. தன் ஆவியிலேயே நமுத்துவிடும். அதே கிழங்கில் பொடிமாஸ் செய்யுங்கள். ஆறினாலும் ருசி குறையாது, மூன்று சாதத்துக்கும் பொருந்தும்.

இருபது பேருக்கு 2 கிலோ கிழங்கு போதும். முதல் நாள் இரவே தோலோடு, முழுசாக, பச்சைத் தண்ணீரில் போட்டு வேகவையுங்கள். நடுத்தரக் கிழங்கென்றால் கொதி வந்தபின் இருபது முதல் இருபத்தைந்து நிமிடம். கத்தி முனை தடையில்லாமல் இறங்கினால் உடனே வடித்துவிடுங்கள். நறுக்கி வேகவைத்தால் கிழங்கு தண்ணீர் குடிக்கும். குக்கரில் ஒரு விசில் கூடிப்போனாலும் தோல் வெடித்து அதே கதிதான். ஆறியதும் ஃபிரிட்ஜில் வையுங்கள். இந்தப் படியை மட்டும் தவறவிடாதீர்கள்: சூட்டோடு மசித்தால் மாவுச்சத்து பசையாகிக் கறி களி மாதிரி ஆகும். இரவு முழுக்கக் குளிர்ந்த கிழங்கு இறுகியிருக்கும். காலையில் தோலை உரித்துத் துருவினால் பூப்பூவாக உதிரும்.

ஒன்பது மணிக்கு அகலமான வாணலியில் 6 மேசைக்கரண்டி நல்லெண்ணெய். 2 தேக்கரண்டி கடுகு வெடித்ததும் கடலைப்பருப்பு, உளுத்தம்பருப்பு தலா 2 மேசைக்கரண்டி போட்டுச் சிவக்க விடுங்கள். பிறகு அரை தேக்கரண்டி பெருங்காயம், பொடியாக நறுக்கிய பச்சை மிளகாய் 10, இரண்டு அங்குல இஞ்சி, இரண்டு கைப்பிடி கறிவேப்பிலை. ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூளை எண்ணெயில் சேர்த்த கையோடு கிழங்கைக் கொட்டுங்கள். தாமதித்தால் மஞ்சள் கருகும். தூள் உப்பு 5 தேக்கரண்டி அளவு, முதலில் நாலு போட்டு ருசி பாருங்கள். தோசைத் திருப்பியால் அடியிலிருந்து புரட்டி, கிழங்கு முழுக்கச் சூடேறும்வரை ஏழெட்டு நிமிடம் வைத்தால் போதும். கரண்டியால் அழுத்தக் கூடாது.

எலுமிச்சையை அடுப்பை அணைத்துச் சூடு சற்றுத் தணிந்ததும் பிழியுங்கள். கொதிக்கும் சூட்டில் பிழிந்தால் வாசனை போய்க் கசப்புத் தட்டும். வழக்கமாக 2 பழம் பிழியலாம். ஆனால் பக்கத்திலேயே எலுமிச்சை சாதமும் புளியோதரையும் இருப்பதால் உங்களுக்கு ஒன்றே போதும்.

தேங்காயும் வெங்காயமும் சேர்க்காதீர்கள். வீட்டில் உடனே சாப்பிட இரண்டும் நன்றாகத்தான் இருக்கும். வெயிலில் மூன்று மணி நேரம் காத்திருக்கும் கறிக்கு ஆகாது. தாம்பாளத்தில் பரப்பி ஆவி அடங்கியபின் தூக்கில் அடையுங்கள். சுடச்சுட மூடினால் மூடியில் வேர்க்கும் நீர் கறியில் சொட்டி, மேல்பாகம் ஊசிப்போகும். மீந்ததை மாலைக்கென்று எடுத்துவைக்க வேண்டாம்.

கேள்வி: கூடவே வெள்ளரிக்காய்த் தயிர்ப் பச்சடியும் கொண்டுபோகலாமா? போன தடவை தண்ணீராகிவிட்டது.

பதில்: உப்பு வெள்ளரியின் நீரை இழுத்துவிட்டது. விதையை வழித்தெடுத்துப் பொடியாக நறுக்கிய காய் ஒரு டப்பாவில், குளிர்ந்த கெட்டித் தயிர் ஒன்றில், உப்பு தனிப் பொட்டலத்தில் போகட்டும். இலை போட்டபின் கலந்தால் சரியாக இருக்கும். தயிர் சாதம் இருக்கும் பந்தியில் ஒரு லிட்டர் தயிருக்கு மேல் செலவாகாது.