கேள்வி – பதில்: சுற்றிக் கிடக்கும் டி.என்.ஏ.வில் பழுது பார்ப்பது எப்படி?

ஒரு புத்தகத்தில் நியூக்ளியோசோமுக்கு 200 கார இணைகள் என்று இருக்கிறது, இன்னொன்றில் 147. பிள்ளைகளுக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது?
– பள்ளி ஆசிரியை, பெரம்பூர்

இரண்டையும் சொல்லிக்கொடுங்கள். நியூக்ளியோசோம் என்பது புரதக் கட்டின்மேல் டி.என்.ஏ. சுற்றிய ஓர் அலகு; கார இணை என்பது டி.என்.ஏ. ஏணியின் ஒரு படி. எதிலிருந்து எதுவரை அளக்கிறோம் என்பதில்தான் வித்தியாசம். எச்2ஏ, எச்2பி, எச்3, எச்4 என்ற நான்கு ஹிஸ்டோன் புரதங்களும் வகைக்கு இரண்டாகச் சேர்ந்து எட்டுப் புரதக் கட்டாக நடுவில் இருக்கின்றன. அதன்மேல் டி.என்.ஏ. இடஞ்சுழியாக ஏறத்தாழ 1.65 சுற்று சுற்றுகிறது. புரதத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் அந்த நீளம் 145 முதல் 147 கார இணைகள். அடுத்த நியூக்ளியோசோம் வரை போகும் இணைப்பு இழை செல்லின் வகைக்கேற்ப 20 முதல் 80 வரை இருக்கும். அதையும் கூட்டினால் 200-ஐ ஒட்டி வரும்.

1997-ல் லூகர், ரிச்மண்ட் குழுவினர் 2.8 ஆங்ஸ்ட்ராம் நுணுக்கத்தில் இதன் படிக அமைப்பை வெளியிட்டார்கள். ஹிஸ்டோன் தவளையுடையது, டி.என்.ஏ. மனித வரிசை. பிறகு மனித ஹிஸ்டோன்களையே வைத்துப் பார்த்தபோதும் கட்டமைப்பு பெரிதாக மாறவில்லை. குறுக்களவு 11 நானோமீட்டர், உயரம் 5.5. (எக்ஸ்ரேயை வைத்து இழைப் புரதத்தின் வடிவத்தைப் பிடிக்கும் வேலையை நம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரன் 1954-லேயே கொலாஜனில் செய்துகாட்டியிருந்தார்.)

"ஹிஸ்டோனுக்கு நேர்மின்னூட்டம், டி.என்.ஏ.வுக்கு எதிர்மின்னூட்டம், அதனால் ஒட்டிக்கொள்கிறது" என்பதோடு பாடம் முடிந்துவிடுகிறது. கட்டிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஹிஸ்டோன் வால்களையும் சேர்த்துச் சொல்லுங்கள். செல் தன் குறிப்புகளில் பெரும்பகுதியை, மெத்தில், பாஸ்பேட் போன்ற வேதிக் குறிகளாக, எழுதிவைப்பது அங்கேதான்.

நூல்கண்டு மாதிரி இறுகச் சுற்றியிருந்தால் பழுது பார்க்கும் நொதி எப்படி உள்ளே நுழையும்?
– வாசகி, மயிலாப்பூர்

நூல்கண்டு உவமை காலை வாருவது இங்கேதான். கண்டில் சுற்றிய நூல் தானாக அவிழாது, டி.என்.ஏ. அவிழும். இரு ஓரங்களும் சுமார் கால் வினாடி ஒட்டியிருந்து, 10 முதல் 50 மில்லிவினாடி திறந்து, மறுபடி ஒட்டிக்கொள்கின்றன. ஓரத்தில் உள்ள பழுதுக்கு அந்த இடைவெளியே போதும். சுற்றின் நட்டநடுவில் இருந்தால் கஷ்டம்.

பழுது எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பதும் முக்கியம். இழை ஏறத்தாழ 10 கார இணைக்கு ஒருமுறை முழுதாகத் திரும்புவதால், ஒரு காரம் வெளியே முகம் காட்டும். ஐந்து இடம் தள்ளியுள்ளது புரதத்தைப் பார்த்திருக்கும். சைட்டோசின் கெட்டு யூராசிலாக மாறிவிட்டது என்று வையுங்கள். அது வெளிப்பக்கம் இருந்தால் கிளைகோசைலேஸ் நொதி சுலபமாக வெட்டி எடுத்துவிடும். உள்பக்கம் இருந்தால் வேகம் வெகுவாகக் குறையும். புறஊதாப் பழுதைத் தேடும் யுவி-டிடிபி புரதம் இதற்கு ஒரு வழி வைத்திருப்பது 2019-ல் தெரியவந்தது: பழுது மறைந்திருந்தால் இழையைச் சில காரங்கள் நகர்த்தி வெளியே காட்டவைத்துப் பிடிக்கிறது.

கண்டுபிடிப்பது ஒன்று, வெட்டுவது வேறு. புறஊதாப் பழுதுக்குச் சுமார் 30 நியூக்ளியோட்டைடு நீளத் துண்டையே வெட்டி எடுக்க வேண்டும். அத்தனை பெரிய புரதக் கூட்டம் உட்கார இடம் வேண்டும் என்பதால், செல்லின் எரிபொருளான ஏ.டி.பி.யைச் செலவழித்து நியூக்ளியோசோமைத் தள்ளிவைக்கும் புரதங்கள் வருகின்றன. இடைவெளியை நிரப்பி ஒட்டிய பிறகு சிஏஎஃப்-1 என்ற புரதம் புதிய ஹிஸ்டோன்களைக் கொண்டுவந்து வைக்கிறது.

காலை வெயிலில் நடந்துவிட்டு வந்தால் அன்றிரவே எல்லாம் சரியாகிவிடுமா?
– வாசகர், பெசன்ட் நகர்

பாதி ஆகும். புறஊதாக் கதிர் செய்யும் இரண்டு முக்கியப் பழுதுகளில் 6-4 வகை சில மணி நேரத்தில் நீங்கிவிடும். பைரிமிடின் டைமர் வகை மெதுவானது. 24 மணி கழித்தும் கணிசமாக மிச்சமிருக்கும். மறுநாளும் போனால் பழையதோடு புதியதும் சேரும். தொப்பி போடுங்கள், பத்து மணிக்கு முன்பே திரும்பிவிடுங்கள்.

காமா-எச்2ஏஎக்ஸ் சாயமிட்டால், கதிர் படாத கண்ட்ரோல் செல்களிலும் புள்ளிகள் தெரிகின்றன. எங்கே தப்பு?
– ஆய்வு மாணவி, தாம்பரம்

பெரும்பாலும் தப்பே இல்லை. காமா-எச்2ஏஎக்ஸ் என்பது டி.என்.ஏ. முறிந்த இடத்தருகே, 139-ஆம் இடத்துச் செரினில் பாஸ்பேட் ஏறிய எச்2ஏஎக்ஸ் (எச்2ஏ-யின் ஒரு வகை) ஹிஸ்டோன். நீங்கள் பார்ப்பது எஸ் கட்டத்தில், அதாவது டி.என்.ஏ.வை நகலெடுக்கும் கட்டத்தில் உள்ள செல்கள். டி.என்.ஏ.வை நகலெடுக்கும்போது இழை திணறினால் ஏடிஆர் நொதியும் அதே செரின் 139-ல் பாஸ்பேட்டை ஏற்றும். நகலெடுப்பு தொடங்கியபின் தோன்றும் சைக்லின் ஏ என்ற புரதத்தையும் சேர்த்துச் சாயமிடுங்கள். அது இல்லாத செல்களை, அதாவது நகலெடுப்புக்கு முந்தைய ஜி1 கட்டச் செல்களை மட்டும் எண்ணுங்கள். கண்ட்ரோலில் புள்ளிகள் சட்டென்று குறையும்.

கதிர் கொடுத்ததும் ஐஸில் வைத்துவிட்டால் புள்ளி உருவாகாது. 37 டிகிரியில் 30 நிமிடம் விட்டு, உடனே 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடில் 10–15 நிமிடம் நிலைநிறுத்துங்கள். 1 கிரே (கதிர் அளவின் அலகு) டோஸுக்குச் செல்லுக்கு 20 முதல் 40 புள்ளிகள் எதிர்பார்க்கலாம். டோஸ் ஏற ஏறப் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், எண்ணிக்கை பொய் சொல்லும். உட்கரு முழுவதும் பளிச்சென்று ஒளிர்ந்தால் அது சாகிற செல், கணக்கில் எடுக்காதீர்கள். புரதத்தைப் பட்டையாகப் பிரித்துப் பார்க்கும் வெஸ்டர்ன் சோதனை செய்வதானால், செல்லை உடைக்கும் லைசிஸ் பஃபரில் ஃபாஸ்ஃபடேஸ் (பாஸ்பேட்டைக் கழற்றும் நொதி) தடுப்பான் கட்டாயம் வேண்டும். அதை விட்டால் பட்டை மங்கி, ஆன்டிபாடிமேல் பழி விழும்.

இரு இழையும் அறுந்த முறிவுதானா என்று உறுதிசெய்ய, முறிவில் வந்து கூடும் 53பிபி1 என்ற புரதத்தையும் சேர்த்துப் பாருங்கள். அது நியூக்ளியோசோமில் இரண்டு குறிகளை ஒருசேரப் படிக்கிறது: எச்4-ன் 20-ஆம் இடத்து லைசினில் இரட்டை மெத்தில், எச்2ஏ-யின் 15-ஆம் இடத்து லைசினில் ஆர்என்எஃப்168 நொதி ஏற்றிய யுபிக்விட்டின் என்ற சிறு புரதம். இப்போதுதான் நகலெடுத்த இடத்தில் புது எச்4-க்கு அந்த மெத்தில் இன்னும் ஏறியிருக்காது. அங்கே பிஆர்சிஏ1 என்ற பழுதுபார்ப்புப் புரதத்தின் கூட்டாளி பார்ட்1 (BARD1) வந்து உட்காரும். பக்கத்திலுள்ள சகோதர நகலைப் பார்த்துப் பிழையின்றி ஒட்டும் வழி திறக்கும். ஆகவே எஸ் கட்டத்திலும், நகலெடுத்து முடித்த ஜி2 கட்டத்திலும் உள்ள செல்களில் 53பிபி1 புள்ளி மங்கலாகத் தெரிந்தால் ஆன்டிபாடியை மாற்ற அவசரப்படாதீர்கள். அதே தட்டில் ஜி1 செல்களைப் பாருங்கள். அங்கே நன்றாகத் தெரிந்தால் உங்கள் சாயம் சரியாகவே வேலை செய்கிறது.